உச்சிச் சுழி

முப்பத்தாறு வருடமாக அவனுக்கு வயது பத்து.
ஓடம் விடுவான். தோளில் ஓர் ஆக்டோபஸ்,
அதன் ஒரு கையில் எப்போதும் குடை.
ஜப்பானில் அவன் பெயர் ஜிரோமாருவாம்.
அது எங்களுக்குத் தெரியாது.
பள்ளி இல்லாத புதன்கிழமைப் பிற்பகல்களில்
ஜெரோம் என்று பெயர் வைத்துக்கொண்டு
பிரெஞ்சு பேசியபடி
சேந்த்-ஆந்த்ரேயில் எங்கள் கூடத்துக்கு வருவான்.
புயல் வாரங்களில் வரமாட்டான், மின்சாரம் இருக்காது.
காற்று அடங்கியதும்
கரும்புக்குள் பறந்துபோன கூரைத் தகரத்தை
அண்ணன் தேடுவான்.
நான், பார்க்காமல் போன ஓடம் கரை சேர்ந்ததா என்று
யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவன் தலையில் ஒரு மயிர்ச் சுருள்,
கேள்விக்குறி மாதிரி.
வலப்பக்கம் என்றான் ரெஜிஸ்.
இடப்பக்கம் என்றேன் நான்.
ஜெரோம் திரையில் இடதாகத் திரும்பினால் நான் ஜெயிப்பேன்,
வலதாகத் திரும்பினால் அவன்.
எப்படித் திரும்பினாலும்
சுருளை நம் பக்கமாகவே வரைந்தார்கள்.
பின்மண்டையே இல்லாத பையனுக்கு
அது ஒன்றும் பொய்யில்லை.
தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரியால் வரைந்து நிரூபித்தோம்,
அவன் ஒன்று, நான் ஒன்று.
அப்பா இரண்டையும் சுண்ணாம்படித்தார்.

பிறகு அப்பா போனார்.
பிறகு லிச்சி மரம்.
அளவைக்காரர் நட்ட கல்லுக்கு
அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
லியோனிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது.
நானும் ஒன்று அனுப்பினேன்.
இரண்டு டிசம்பர் பழம் தரையில் விழுந்து புளித்தது.
அந்தக் கதை இங்கே போதும்.

நெடுஞ்சாலைப் பலகையில் ஜெரோம் நின்றான்:
முதன்முறையாக, முழுக்கக் கணினியில்.
மருந்துக்கடையில் என்னோடு நிற்கும் பையன் சொன்னான்,
"போகாதீங்க, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கான்."
போனேன். சேன்-துனி, ஆறு மணிக் காட்சி.
கைப்பைக்குள் எண்ணெய்த் தாளில் ஐந்து மிளகாய் வடை.

முதல் பத்து நிமிடம்
பழைய வகுப்புத் தோழனை
ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்ததுபோல் இருந்தது.
அவனேதான். ஆனாலும் ஏதோ ஊதியிருந்தது.
சட்டைக் காலரில் தையல் தெரிந்தது.
ஆக்டோபஸின் உறிஞ்சிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.
துடுப்பு மரத்துக்கு ரேகை இருந்தது.
ஒரு கோட்டில் முடிந்துவிடும் கடல்
இப்போது நனைக்கிற கடல்.
எனக்குப் பிடிக்கவில்லை.
இரண்டு வடை தின்றேன்.

அப்புறம் புயல் வந்தது.
குடை பறந்தது. பையன் தனியே எழுந்து நின்றான்.
காமிரா, முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக,
சன்னதியைச் சுற்றுவதுபோல்
மெதுவாக அவனைச் சுற்றி வந்தது.
கன்னம். காது. காதுக்குப் பின்னால்.
அங்கே ஒரு கழுத்து இருந்தது,
வெயிலில் கறுத்து, தோல் லேசாக உரிந்து.
இத்தனை காலம் ஓடம் விட்டவனுக்கு
பிடரி கறுக்காமல் என்ன செய்யும்?
யாரோ ஒருவர்
ஒரு மேசையில் உட்கார்ந்து
அதை யோசித்திருக்கிறார்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
பக்கத்துச் சிறுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சுருள் உச்சியில் இருந்தது.
நனைந்து, ஒட்டி, ஒரு சுழியிலிருந்து எழுந்து,
நட்டநடுவே.

பெயர்ப் பட்டியல் ஓடியது.
முடிக்கு மட்டும் பதினொரு பேர்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று
இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு செய்தி.
வணக்கம் இல்லை, சுகமா இல்லை.
"நடுவில்" என்று மட்டும்.
பேருந்து வருமுன் பதில் வந்தது:
"போன வாரமே பார்த்துட்டேன். வலதுதான்.
நல்லாப் பார், கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."
மரத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

நாற்பது வயதில், கோவில் மாலை வகுப்பில்
எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழில் இதை எழுதுகிறேன்.
ரெஜிஸுக்கு இது வாசிக்கத் தெரியாது.
ஆகவே இங்கே சொல்லலாம்:
கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது.